3 லட்சம் பேர் சொன்னால் சரியாகிவிடுமா?

(திரையில்: கைப்பேசி. யூடியூப் சானல் ஒன்றின் வாக்கெடுப்பு. பட்டைகள் நீண்டுகொண்டே போகின்றன.)

"அடுத்த முதல்வர் யார்?" நாலு பெயர், நாலு பட்டை. கீழே சின்ன எழுத்தில் '3 லட்சம் வாக்குகள்'. சாயங்காலத்துக்குள் இதன் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகிவிடும். மறுநாள், "மக்கள் முடிவு பண்ணிட்டாங்க" என்று ஒரு தம்ப்நெயில். மூணு லட்சம் பேர் சேர்ந்து தப்பாகச் சொல்வார்களா?

சொல்வார்கள். 24 லட்சம் பேரே சொல்லியிருக்கிறார்கள்.

(திரையில்: 1936, அமெரிக்கா. தபால் மூட்டைகள்.)

'லிட்டரரி டைஜஸ்ட்' என்று ஒரு வாரப் பத்திரிகை. 1916 முதல் 1932 வரை ஐந்து அதிபர் தேர்தல்களிலும் ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்ன பத்திரிகை. 1936-ல் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. ஏறக்குறைய 24 லட்சம் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்துவிட்டு, "அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார், எதிர்த்து நிற்கும் லேண்டன் ஜெயிப்பார்" என்றது.

நடந்தது? 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்கு. பத்திரிகை 1938-ல் மூடப்பட்டது.

கோளாறு, முகவரி எடுத்த இடத்தில். டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல். பெருமந்தம் எனும் பொருளாதார வீழ்ச்சி ஊரையே ஆட்டிய காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யார்? வசதிக்காரர். ரூஸ்வெல்ட்டுக்கு ஓட்டுப் போட்ட ஏழைகளில் பலரின் வீட்டுக்குச் சீட்டே போயிருக்காது. அப்புறம், சீட்டு கிடைத்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பதில் போடவில்லை. மெனக்கெட்டுப் போட்டவர்களில் ரூஸ்வெல்ட் மேல் கடுப்பில் இருந்தவர்களே அதிகம்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். கருத்துக்கணிப்பு நடத்திவந்த ஜார்ஜ் கேலப் என்பவர் அதே மாதிரிப் பட்டியல்களிலிருந்து வெறும் 3,000 பேரைக் கேட்டார். டைஜஸ்ட் என்ன தப்பான விடை சொல்லப்போகிறது என்பதை அது சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். ஒரு சதவீதம்தான் பிசகியது!

(திரையில்: பிரியாணி அண்டா, கரண்டி.)

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்த சோறு. வாக்காளர்கள் பிரியாணி அண்டா மாதிரி. மேலாக அள்ளி நூறு தட்டு நிரப்பினாலும் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அடிவரை கரண்டி போட்டால் ஒரு தட்டே போதும்.

யூடியூப் வாக்கெடுப்பு டைஜஸ்டைவிட மோசம் என்பேன். அங்கே சீட்டையாவது பத்திரிகை அனுப்பியது. இங்கே யார் கண்ணில் படும் என்பதை அல்காரிதம் முடிவு செய்கிறது. மீதியைக் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். "நம்ம ஆளுக்கு ஒரு குத்து குத்துங்க" என்று லிங்க் குரூப் குரூப்பாகப் போகும்.

இத்தோடு போனால் விளையாட்டு என்று விட்டுவிடலாம். போவதில்லை. "அலை அடிக்குது" என்ற பேச்சு கிளம்பும், நன்கொடை அந்தப் பக்கம் திரும்பும், கூட்டணியில் சீட் கேட்பவர் இதே பட்டையைக் காட்டிப் பேரம் பேசுவார்.

(திரையில்: வாக்குச்சாவடி, காலை ஏழு மணி.)

நூறு நாள் வேலைக்குப் போகும் அந்த அம்மா எந்தச் சானலையும் சப்ஸ்கிரைப் செய்ததில்லை. வரிசையில் முதல் ஆளாக நிற்பது அவர்தான்.