வார்மர் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

(கேரளத்தின் இடுக்கி மலையில், ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்ட மறையூரிலிருந்து காந்தளூர் வரை நடக்கும் நடைக்குப் பெயர் கொடுக்க வந்தவர்களிடம் பேசியது.)

எல்லாருக்கும் வணக்கம். கரும்பு வெட்டையும் விட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை காந்தளூருக்கு ஏறப் போகிறோம். நீங்கள் நடக்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று உங்கள் மாமாவோ, முதலாளியோ, திருப்பூரில் வேலை பார்க்கும் தம்பியோ பணம் தர ஒப்புக்கொள்ள வேண்டும். வழியில் யானை நின்றால் நடை அங்கேயே முடிந்தது. ஆனால் பணத்தை முழுசாக வாங்கிவிடுங்கள்.

அந்தப் பணம் நம் ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு. வார்மர், அதாவது பிறந்த குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் மெஷின், ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதுமா, இல்லை வேறு எதில் போடுவது என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. கேரளத்தில் 6. பெருமைதான். ஆனால் அந்த ஆறில் எர்ணாகுளமும் சேர்த்தி, மலையில் இருக்கும் நம் முதுவான் பழங்குடி ஊர்களும் சேர்த்தி. இங்கிருந்து மூணாறு ஏறக்குறைய 40 கிலோமீட்டர், உடுமலைப்பேட்டையும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு பக்கம் மலை வளைவு, இன்னொரு பக்கம் சின்னார் காடு. நடுராத்திரியில் மாதம் நிறையாமல் ஒரு குழந்தை பிறந்தால், முதல் சில மணி நேரத்துக்கு அதற்கு நம் ஆஸ்பத்திரியை விட்டால் வேறு கதி இல்லை.

மணி நேரம் என்றேன். உண்மையில் முதல் ஒரு நிமிஷமே பெரிய விஷயம். அழாத குழந்தையைத் துடைத்து முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லையா? முகத்தில் மாஸ்க்கை வைத்து, பையை அழுத்திக் காற்றுக் கொடுக்க வேண்டும். இதற்குக் கரண்டே வேண்டாம். மாஸ்க் ஓரத்தில் காற்றுக் கசியாமல் பிடிக்கவும், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கவும் கை பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சின்ன ஆஸ்பத்திரியில் இப்படிக் குழந்தை எப்போதாவதுதான் பிறக்கும், அதற்குள் கை மறந்துவிடும். பொம்மையை வைத்து மாதாமாதம் பழக வேண்டும். அந்தப் பொம்மைக்கும், சொல்லிக்கொடுக்க வருபவரின் பஸ் செலவுக்கும் யாரும் பணம் தருவதில்லை.

ஏன் தெரியுமா? பொம்மையில் பெயர் எழுத முடியாது. கோயிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்து, வெளிச்சமே வராத அளவுக்கு ‘உபயம்’ என்று எழுதுகிற ஆட்கள்தானே நாம்! (சிரிக்காதீர்கள், என் வீட்டுக்காரரும் எழுதியிருக்கிறார்.)

லைட் என்றதும் பிறந்த குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் காமாலை ஞாபகம் வருகிறது. 1950-களில் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் ஜீன் வார்டு என்ற நர்ஸ், குழந்தைகளை வெயில்படக் கொண்டுபோய் வைப்பார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்திருப்பதை முதலில் கவனித்தது அவர்தான். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய நீல விளக்கு. அந்த வெளிச்சம் தோலில் பட்டு, உடம்பை விட்டு வெளியேறக்கூடிய வடிவத்துக்கு, அந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் என்ற பொருளை மாற்றுகிறது. ஆனால் பழைய டியூப் வகை விளக்கு, கண்ணுக்கு நன்றாக எரிவது போலவே இருக்கும், உள்ளே சக்தி குறைந்திருக்கும். மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும். புது விளக்கு ஒன்று வாங்குவதாக இருந்தால் மீட்டரையும் சேர்த்து வாங்குங்கள். வார்மருக்கு ஸ்டெபிலைசரும் பேட்டரியும் வேண்டும், நம் ஊர் கரண்ட் லட்சணம் உங்களுக்கே தெரியும்.

அப்புறம், மெஷினே இல்லாத ஒரு வைத்தியம். 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், எட்கர் ரே என்ற டாக்டர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைத்தார். கங்காரு முறை என்பது அதைத்தான். 2021-இல் வெளிவந்த ஆய்வு, டெல்லி உட்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடந்தது. முதலில் வார்மரில் வைத்து, நிலைமை சரியான பிறகு தாயிடம் கொடுத்ததைவிட, பிறந்த உடனேயே தாயோடு வைத்தபோது இறப்பு கால் பங்கு குறைந்தது. நம் முதுவான் அக்காமார் பிள்ளையைத் துணியில் முதுகில் கட்டிக்கொண்டு மலையே ஏறுகிறார்கள். இதில் முதுகுக்குப் பதில் நெஞ்சு. ஆம்புலன்ஸில் சின்னார் வழியாகப் போகும்போதும் அப்படியே வைத்துக்கொண்டு போகலாம்.

இதற்கு ஆஸ்பத்திரியில் என்ன வேண்டும்? சாய்வு நாற்காலி, தாய்க்கு மூன்று வேளைச் சாப்பாடு, மாற்றிப் பிடித்துக்கொள்ளப் பாட்டி தங்க ஒரு கட்டில். பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை: சேனை தொட்டு வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணியோ தேனோ கொடுக்காதீர்கள். மறையூர் சர்க்கரையாக இருந்தாலும் வேண்டாம்! சீம்பால்தான் முதல் உணவு. குளிப்பாட்டுவதும் ஒரு நாள் கழிந்த பிறகு போதும், ஈரத்தில் குழந்தை சீக்கிரம் சில்லிட்டுவிடும்.

சரி. உங்கள் கையில் இருக்கிற ஃபாரத்தில் ‘எந்தக் கருவிக்கு’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அதை நிரப்பாதீர்கள். அங்கே ராத்திரி டியூட்டி பார்க்கிற சேச்சிமாரிடம் கேட்டு முடிவு செய்யலாம் என்று கமிட்டியிடம் சொல்லியிருக்கிறேன், அரை மனதாகத் தலையாட்டினார்கள். ஃபாரத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கூடுவோம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.