ஒத்தக்கடையில் எழுதும் தீர்ப்பு, ஊட்டிக்கும் சட்டம்

[காட்சி: மதுரை ஒத்தக்கடை. மேலூர் ரோடு. யானைமலை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் வாசல்]

வணக்கம். தென் மாவட்டத்து ஐகோர்ட் வழக்குகள் 2004 ஜூலை 24 முதல் இங்கேதான் நடக்கின்றன. யாரோ போட்ட வழக்கில் இங்கே வரும் தீர்ப்பு, கோர்ட் படியே ஏறாத நம்மையும் கட்டுப்படுத்தும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சிவில். 2018-ல் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் கல்யாணம் நடந்தது. பதிவு செய்யப் போனால் மறுத்துவிட்டார்கள். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' திருநங்கையையும் குறிக்குமா என்பதுதான் கேள்வி. குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருந்தது அதற்கு அடித்தளம்.

சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் மணமகள் திருநங்கை என்ற காரணத்தைச் சொல்லி இனி எந்தப் பதிவாளரும் ஒரு ஜோடியைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்புடன் பிறக்கும் இடைப்பால் குழந்தைகளுக்குப் பால் மாற்று அறுவை செய்வதைத் தடுக்கவும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. அந்த ஆகஸ்டிலேயே அரசாணை வந்துவிட்டது. பிறந்த குழந்தைக்காகப் பேச ஒரு கோர்ட் இருந்ததே, அது பெரிய விஷயம்.

[காட்சி: ரோட்டில் வரிசையாகக் காலிக் குடங்கள்]

அடுத்து கிரிமினல். குடிதண்ணீர் கேட்டு மறியல் செய்கிறார்கள். அதிகாரியின் தடையை மீறியதாக இந்திய தண்டனைச் சட்டம் 188-ல் எஃப்.ஐ.ஆர். பாய்கிறது. அப்புறம் வேலைக்கான போலீஸ் விசாரணையில், பாஸ்போர்ட்டில், அந்த வழக்கு வந்து நிற்கும். கரூர் மாவட்டத்து வழக்கு ஒன்றில் 2018 செப்டம்பரில் மதுரைக் கிளை தெளிவாகச் சொன்னது: 188-க்குப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ மாஜிஸ்திரேட்டிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் எத்தனையோ போராட்ட வழக்குகள் ரத்தாகின. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 223 ஆகிவிட்டது. எழுத்துப் புகார் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது.

சரி, இது எந்த ஊர் வரை செல்லும்? மதுரைக் கிளை தனிக் கோர்ட் இல்லை, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு பகுதி. எனவே ஊட்டி முன்சீஃப் கோர்ட்டும் புதுச்சேரிக் கோர்ட்டும் இதற்குக் கட்டுப்பட்டவை. கேரள ஐகோர்ட் தீர்ப்பை வக்கீல் எடுத்துக் காட்டலாம், ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. தனி நீதிபதி சொன்னதை இரு நீதிபதி அமர்வு மாற்றலாம். எல்லாவற்றுக்கும் மேல் உச்ச நீதிமன்றம்.

வக்கீல் அலுவலகத்தில் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023-ல்தான். நடுவில் ஒன்பது வருடம், வீட்டுக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளைகளுக்கு அந்த வழி அடைபட்டுக் கிடந்தது. அதனால் எந்தத் தீர்ப்பை நம்பினாலும், அது இன்னும் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

[காட்சி: கைபேசியில் தீர்ப்பு நகல்]

உயர் நீதிமன்ற இணையதளத்தில் நகல் இலவசமாகவே கிடைக்கும். ஸ்டேஷனிலோ பதிவு அலுவலகத்திலோ "சட்டத்தில் அப்படி இல்லையே" என்றால், வழக்கு எண்ணும் தேதியும் போட்டு மனு எழுதி, நகலை இணைத்துக் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.