கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்

வணக்கம். முன்வரிசையில் மருத்துவர்கள், நடுவில் செவிலியர்கள், கடைசியில் சுவரோரம் வார்டு உதவியாளர்களும் காவலாளிகளும் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பேச வந்திருப்பது முதலில் அந்தக் கடைசி வரிசையோடுதான். மருத்துவமனைத் தீயை முதலில் பார்க்கிறவர் பெரும்பாலும் இரவு டியூட்டியில் நடைவழியில் போய்க்கொண்டிருக்கும் ஒருவர். அந்த நேரத்தில் நிர்வாகியும் இருக்கமாட்டார், பொறியாளரும் இருக்கமாட்டார்.

மற்ற கட்டடங்களில் தீப்பிடித்தால் சொல்வது ஒன்றுதான்: எல்லாரும் வெளியே போங்கள். இங்கே யார் போவது? வென்டிலேட்டரில் இருப்பவரா? காலில் எடை கட்டிப் படுக்க வைத்திருப்பவரா? மேசையில் மயக்கத்தில் கிடப்பவரா? இன்குபேட்டரில் இருக்கும் ஒரு கிலோ குழந்தையா? எழுந்து ஓட முடியாதவர்களுக்காகவே கட்டிய இடம் இது. அதனால் ஆளைத் தீயிடமிருந்து அகற்றுவதற்கு முன்னால், தீயை ஆளிடம் வரவிடாமல் தடுக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, கதவு போதும்.

1961 டிசம்பர் 8. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனை. மாடிகளிலிருந்து குப்பையைக் கீழே போடுவதற்கான செங்குத்துக் குழாயில் தீப்பிடித்தது. அது ஒன்பதாம் மாடியில் குழாயை விட்டு வெளியே சீறி, கூரைப் பலகைகளைப் பற்றிக்கொண்டு நடைவழியில் ஓடியது. 16 பேர் இறந்தார்கள். ஆனால் அதே மாடியில், எரிந்துகொண்டிருந்த அதே நடைவழியை ஒட்டி, சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்த நோயாளிகள் பிழைத்தார்கள். யாரும் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. யாரோ கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். இதைப் படித்த நாளிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது தீயணைப்பானை அல்ல, கதவின் அடிப்பக்கத்தை.

அங்கே என்ன இருக்கும்? ஒரு செங்கல், ஒரு மரக்கட்டை. சில இடங்களில் காலி ஆக்சிஜன் சிலிண்டரையே முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் தீத்தடுப்புக் கதவின் கைப்பிடியைக் கட்டுத்துணியால் சுவர்க் கம்பியோடு இறுகக் கட்டியிருந்தது. அங்கிருந்த சிஸ்டரிடம் கேட்டேன். "ஒரு நாளைக்கு நூறு தடவை டிராலி தள்ளிக்கிட்டுப் போறோம் சார், ஒவ்வொரு தடவையும் இதைத் திறந்துகிட்டு இருக்க முடியுமா?" என்றார். அவர் கேட்டது நியாயம். குறை அவரிடம் இல்லை, அந்தக் கதவை மாட்டியவரிடம் இருக்கிறது. கதவைத் திறந்தபடி பிடித்து வைத்திருந்து, அபாய மணி அடித்ததும் தானாக விட்டுவிடும் காந்தப் பிடிப்பான் எப்போதோ வந்துவிட்டது. நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதவு தடுப்பது தீயை மட்டும் அல்ல, புகையையும்தான். 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. வண்டி நிறுத்த வேண்டிய இடத்தில், எரியும் பொருட்களைக் குவித்து வைத்திருந்தார்கள். தீ பெரும்பாலும் கீழேயே இருந்தது. புகைதான் மேலே போனது, குளிர்சாதனக் குழாய்கள் வழியாக வார்டு வார்டாக. வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி, புகை வெளியேற வழியில்லை. ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள், அநேகமாக எல்லாரும் மூச்சுத் திணறி. கேரளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இரண்டு இளம் செவிலியர்கள் நோயாளிகளை ஒருவர் பின் ஒருவராக வெளியே கொண்டுவந்தார்கள். மிச்சமிருந்தவருக்காக மறுபடியும் உள்ளே போனார்கள், திரும்பி வரவில்லை. அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையோடு கோபமும் வரும். அந்தப் பிள்ளைகளின் துணிச்சலை நம்பி ஒரு கட்டடம் நடந்துகொண்டிருக்கக் கூடாது.

அடுத்து ஆக்சிஜன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆக்சிஜன் தானாக எரியாது, எரிவதை வெறிபிடிக்க வைக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 சதவீதம். அது சில சதவீதம் கூடினாலே துணி, மெத்தை, பிளாஸ்டிக் குழாய், தலைமுடி எல்லாமே எளிதில் பற்றிக்கொள்ளும், வேகமாகவும் எரியும். அதிவேக ஆக்சிஜன் கருவியில் ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். அப்படிப் பத்துப் படுக்கைகள், மூடிய ஜன்னல்கள், இரவுபகலாக ஓடும் ஏசி, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு கருவி. கொரோனா காலத்தில் பல நாடுகளில் ஐசியுக்கள் இப்படித்தான் இருந்தன. 2021 ஏப்ரலில் பாக்தாத் மருத்துவமனை ஒன்றில் 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீ பரவியது ஆக்சிஜன் சிலிண்டர்களிலிருந்து. கொரோனா போன பிறகும், 2024 நவம்பரில் ஜான்சியில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் ஓரிரவில் 10 குழந்தைகள் போய்விட்டன. பெயர்கூட வைத்திருக்காத குழந்தைகள்.

நோயாளி சாப்பிடும்போது மாஸ்க்கைக் கழற்றி, ஓடவிட்டபடியே படுக்கையில் வைத்துவிடுகிறோம் அல்லவா? அந்த ஆக்சிஜன் போர்வைக்குள் போய்த் தங்கும். மாஸ்க்கை எடுத்த பிறகும் உடனே போகாது. கழற்றினால் மூடுங்கள். மூட மறந்துவிட்டால் அந்தப் போர்வையை உதறி, கால் மணி நேரமாவது காற்றாட விடுங்கள். சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள், சட்டென்று திறந்தால் உள்ளே அழுத்தத்தால் சூடேறும். ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. கையில் கிரீம் தடவியிருந்தால் துடைத்துவிட்டுத் தொடுங்கள். அறுவை அரங்கில் ஆல்கஹால் கலந்த மருந்தைத் தடவினால் குறைந்தது 3 நிமிடம் உலரவிட்டுத்தான் துணி போர்த்த வேண்டும். அவசரப்படுத்துகிற மருத்துவரிடம் செவிலியர் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். மருத்துவர்களே, சொன்னால் கோபப்படாதீர்கள்.

வார்டுக்கு வெளியே சுவரில் ஆக்சிஜனை நிறுத்தும் வால்வுப் பெட்டி இருக்கும். அதன் முன்னால் பீரோவை வைத்து மறைத்திருந்தால் இன்றே நகர்த்துங்கள். தீயின்போது அதை மூடுவது பொறுப்புச் செவிலியரின் வேலை. மூடுவதற்கு முன் யார் யார் அந்த ஆக்சிஜனை நம்பியிருக்கிறார்கள் என்று பார்த்து, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கோ சிறிய சிலிண்டரோ கொடுத்துவிட்டு மூட வேண்டும். நல்ல எண்ணத்தில் யாராவது ஓடிப்போய்த் திருகிவிட்டால், தீ தொடாத ஆள் அங்கேயே போய்விடுவார்.

சரி, எதுவும் கைகொடுக்கவில்லை, நோயாளிகளை நகர்த்தியே ஆக வேண்டும். எங்கே? கீழே இல்லை, பக்கத்தில். அதே மாடியில், அடுத்த தீத்தடுப்புக் கதவைத் தாண்டிக் கொண்டுபோய் அந்தக் கதவைச் சாத்துங்கள். படிக்கட்டு அதற்கப்புறம்தான். லிஃப்ட் வேண்டாம். தீக்கு நெருக்கமாக இருப்பவரை முதலில் எடுங்கள். தன்னால் நடக்க முடிகிறவர்களை ஒரே ஆள் கூட்டமாக அழைத்துப் போகட்டும். ஸ்ட்ரெச்சருக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்தால் கனமான ஆளையும் மெத்தையோடு தரைக்கு இறக்கி இழுத்துப் போக முடியும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால்தான் ஒரு மெத்தையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

கடைசி வரிசையிலிருந்து இரண்டு பேர் முன்னால் வாருங்கள். மருத்துவர் ஒருவர் வந்து படுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கக் கதவு வரை இழுத்துப் பார்ப்போம், நேரத்தை நான் குறித்துக்கொள்கிறேன். கதவில் முட்டுக் கொடுத்திருக்கும் நாற்காலியை யாராவது எடுத்துவிடுங்கள்.