முன்சக்கரத்தில் ஏறும் பாரம்: டிராக் ஓட்டத்துக்கு ஃபோர்க்கைத் தயார் செய்வது

நேயர்களுக்கு வணக்கம்.

பைக்கும் அதை ஓட்டுபவரும் சேர்ந்து 260 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரே சீராக ஓடும்போது அதில் பாதி, 130 கிலோ, முன்சக்கரத்தின் மேல் இருக்கிறது. நேர்ப்பாதை முடிந்து வளைவுக்கு முன்னால் பலமாக பிரேக் பிடித்ததும், ஏறக்குறைய இன்னொரு 110 கிலோ பின்சக்கரத்தை விட்டு முன்னால் வந்து ஏறுகிறது. பின்டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடும். அந்த 110 கிலோவைத் தாங்கிப்பிடிக்க இருப்பவை ஃபோர்க்குக்குள், அதாவது முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் இரண்டு குழாய்க் கால்களுக்குள், உள்ள இரண்டு ஸ்பிரிங்குகளும், அங்கே அடைபட்டிருக்கும் கொஞ்சம் காற்றும்தான்.

ஸ்பிரிங்கின் பலத்தை மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்வார்கள். 0.85 என்றால், ஒரு மில்லிமீட்டர் அமுக்க 0.85 கிலோ வேண்டும். இரண்டு காலுக்கும் சேர்த்து 1.7. காற்றையும் ஃபோர்க்கின் சாய்வையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 110 கிலோ ஏறும்போது ஃபோர்க் 65 மில்லிமீட்டர் இறங்கும். ஓட்டுபவர் உட்கார்ந்ததுமே 35 இறங்கியிருக்கும். ஆக 100. மொத்த ஓட்டம், அதாவது ஃபோர்க் அமுங்கக்கூடிய முழுத் தூரம், 120 மில்லிமீட்டர் என்றால், மேடு பள்ளத்துக்கு மிச்சம் 20தான். அதே இடத்தில் 0.95 ஸ்பிரிங் போட்டால் 65 என்பது 58 ஆகிவிடும், மிச்சம் 27. ஏழு மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். பிரேக் பிடித்தபடியே ஒரு மேட்டில் ஏறும்போது ஃபோர்க் அடியில் முட்டுமா, முட்டாதா என்பதை அந்த ஏழுதான் தீர்மானிக்கிறது. முட்டிவிட்டால் அந்த நொடியில் சஸ்பென்ஷன் என்று ஒன்று கிடையாது. டயர் மட்டுமே உதறும், பிடி நழுவும்.

அதனால்தான், செலவழிக்கக் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, முதலில் எதை மாற்றலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றே: உங்கள் எடைக்குச் சரியான ஸ்பிரிங். தங்க நிறத்தில் மின்னும் புது ஃபோர்க் பிறகு வரட்டும். டிராக்குக்கு ஓட்டம் முழுவதும் ஒரே பலம் தரும் லீனியர் ஸ்பிரிங் வாங்குங்கள். போகப்போக இறுகும் ப்ரோக்ரெஸிவ் ஸ்பிரிங் சாலையில் சொகுசாக இருக்கும். ஆனால் அதன் பலம் ஓட்டத்தின் ஒவ்வொரு இடத்திலும் வேறாக இருப்பதால், டேம்பிங்கை, அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை ஆயிலால் அடக்கும் எதிர்ப்பை, எந்த இடத்துக்குப் பொருத்துவது என்பதே குழப்பமாகிவிடும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் ரொம்ப இறங்குகிறது என்று பலர், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோட் திருகை இறுக்குகிறார்கள். ப்ரீலோட் ஸ்பிரிங்கைப் பலமாக்காது. 0.85 ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கினாலும் 0.85தான். பைக் நிற்கும் உயரம் மட்டும் மாறும். முன்பக்கம் இறங்குவதே கெடுதல் என்றும் நினைக்க வேண்டாம். ஃபோர்க் இறங்கும்போது ஸ்டியரிங் கோணம் செங்குத்தாகிறது, ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரமான ட்ரெயில் குறைகிறது, பைக் வளைவுக்குள் எளிதாகத் திரும்புகிறது. எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

அடுத்தது சேக், அதாவது அமிழ்வு. அளக்க மூன்று பேர் வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுக்க நீண்டிருக்கும்போது வெளியே தெரியும் பளபளப்பான குழாயின் நீளத்தை எடுங்கள். சாதாரண ஃபோர்க் என்றால், தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையமான டஸ்ட் சீலிலிருந்து, குழாய்களைப் பைக்கோடு பிடித்திருக்கும் கீழ் கிளாம்ப் வரை. பளபளப்பான குழாய் கீழே இருக்கும் தலைகீழ் ஃபோர்க் என்றால் டஸ்ட் சீலிலிருந்து ஆக்ஸிலைப் பிடிக்கும் வார்ப்பு வரை. இது 120 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஓட்டுபவர் லெதர் சூட், ஹெல்மெட் எல்லாம் போட்டு, டிராக்கில் உட்காருவது போலக் குனிந்து உட்கார வேண்டும். ஒருவர் பின்னாலிருந்து பைக்கை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். மூன்றாமவர் முன்பக்கத்தை அமுக்கி, மெல்ல விட்டு, அது நிற்கும் இடத்தில் அளக்கட்டும்: 80. பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, மெல்ல இறக்கி, மறுபடி அளக்கட்டும்: 90. இரண்டுக்கும் சராசரி 85. 120இல் 85 போனால் 35. அதுதான் உங்கள் அமிழ்வு. டிராக்குக்கு 30 முதல் 35 வரை நல்ல தொடக்கம். ஆள் ஏறாமல் பைக் மட்டும் நிற்கும்போதும் இதே முறையில் அளந்தால் 20 முதல் 25 வர வேண்டும். ஆளோடு சரியாக இருந்து, ஆள் இல்லாதபோது அமிழ்வு மிகக் குறைவாக இருந்தால், மெலிந்த ஸ்பிரிங்கை ப்ரீலோடால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். நேர்மாறாக, ஆள் இல்லாமலே நிறைய அமிழ்ந்தால் ஸ்பிரிங்கின் பலம் உங்கள் எடைக்கு அதிகம்.

அந்த 80க்கும் 90க்கும் நடுவில் இருக்கிற 10 மில்லிமீட்டர் என்ன? அது உராய்வு. 10க்குள் இருந்தால் நல்லது. 15, 20 என்று போனால் ஃபோர்க் எங்கோ பிடிக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த விலையுயர்ந்த வால்வு போட்டும் பயனில்லை, ஏனென்றால் சிறு மேடுகளில் ஃபோர்க் அசையவே மறுக்கும். பெரும்பாலும் காரணம் சக்கரத்தை மாட்டிய விதம்தான். ஆக்ஸிலைச் செருகி, முதலில் ஆக்ஸில் நட்டை மட்டும் அளவோடு இறுக்குங்கள். மறுபக்கத்தில் ஆக்ஸிலைக் கவ்விப்பிடிக்கும் பின்ச் போல்ட்டுகளைத் தளர்வாகவே விட்டு, சக்கரத்தைத் தரையில் வைத்து, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை நன்றாக அமுக்குங்கள். அந்தக் கால் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன்பிறகு பின்ச் போல்ட். கீழ் டிரிப்பிள் கிளாம்ப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து, மாறி மாறி, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். தலைகீழ் ஃபோர்க்கில் இந்த இடத்தை அளவுக்கு மீறி இறுக்கினால், வெளிக்குழாய் நசுங்கி உள்ளே ஓடும் வழுக்கு வளையமான புஷ்ஷைக் கவ்விப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஓட்டத்தில் தெரியும்.

இனி டேம்பிங். எளிய பைக்குகளில் டேம்பர் ராட் என்ற ஏற்பாடு இருக்கும்: ஒரு குழாய், அதில் சில துளைகள், அவற்றின் வழியே ஆயில் போய் வரும். துளை வழி ஓடும் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக இறங்குகிறது, அங்கே எதிர்ப்பு போதாது. கூர்மையான மேட்டில் வேகமாக இறங்குகிறது, அங்கே எதிர்ப்பு மிதமிஞ்சிவிடும், கையில் அடிக்கும். கெட்டியான ஆயில் ஊற்றினால் முதல் குறை தீரும், இரண்டாவது மோசமாகும்.

இதற்கு மலிவான, நல்ல தீர்வு எமுலேட்டர் வால்வு. டேம்பர் ராடின் தலைமேல், ஸ்பிரிங்குக்கு அடியில் உட்காரும். அழுத்தம் ஏறினால் அதன் சிறு ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து ஆயிலுக்கு வழிவிடும். ஆனால் வெறுமனே போட்டால் வேலை செய்யாது. ராடின் கீழ்ப்பகுதியில் உள்ள, ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் போகும் கம்ப்ரெஷன் துளைகளை 8 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, குறைந்தது ஆறு துளைகள் இருக்கும்படி செய்ய வேண்டும். அப்போதுதான் கட்டுப்பாடு துளையிலிருந்து வால்வுக்கு மாறும். துளையின் பிசிறுகளை உள்ளும் புறமும் அரம் வைத்து எடுத்துவிடுங்கள். மேலே இருக்கும், ஃபோர்க் மீண்டு நீளும்போது வேலை செய்யும் சின்ன ரீபவுண்ட் துளையைத் தொடவே கூடாது. வால்வின் உயரத்துக்கு ஏற்ப, ஸ்பிரிங்குக்கு மேல் இருக்கும் ஸ்பேசர் குழாயை வெட்டிக் குறைக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிட்டு, மூடி ஏன் உட்காரவில்லை என்று திண்டாடுகிறார்கள். வால்வு ஸ்பிரிங்கை இரண்டு சுற்று இறுக்கத்தில் தொடங்குங்கள். ரீபவுண்டை இந்த வால்வு பார்த்துக்கொள்ளாது. அதை ஆயிலின் கெட்டித்தன்மைதான் தீர்மானிக்கும்.

டேம்பிங் பாகங்கள் தனிக்குழலில் அடங்கிய கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் பிஸ்டனும், அதன்மேல் அடுக்கிய மெல்லிய எஃகுத் தகடுகளும் இருக்கும். ஷிம் என்பார்கள். ஆயில் அழுத்தத்துக்கு இவை வளைந்து வழிவிடும். ஷிம்மின் விறைப்பு தடிமனின் கன மடங்கில் ஏறும். 0.20 மில்லிமீட்டர் ஷிம் ஒன்று, அதே விட்டமுள்ள 0.10 ஷிம் எட்டுக்குச் சமம். ஆகவே ஷிம்களை மைக்ரோமீட்டரால் அளந்து, கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். ஒன்று இடம் மாறினால் ஃபோர்க்கின் சுபாவமே மாறிவிடும்.

ஆயில் விஷயத்தில் டப்பாவின் மேல் உள்ள 5 வெயிட், 10 வெயிட்டை நம்பாதீர்கள். ஒரு தயாரிப்பின் 5 வெயிட் 40 டிகிரி செல்சியஸில், கெட்டித்தன்மையின் அலகான சென்டிஸ்டோக்ஸில், 16 அளவில் இருக்கும். இன்னொன்றின் 5 வெயிட் 25ஐத் தாண்டும். சென்டிஸ்டோக்ஸ் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடம்: ஆயிலுக்கு மேல் இருக்கும் காற்று இடைவெளி. ஸ்பிரிங்கையும் ஸ்பேசரையும் எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குழாயின் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளப்பது இது. 120 மில்லிமீட்டர் இடைவெளி, 120 மில்லிமீட்டர் ஓட்டம் என்றால், நீண்டிருக்கும்போது காற்றின் உயரம் சுமார் 240. முழுக்க அமுங்கினால் 120. அழுத்தம் இரண்டு மடங்கு. இன்னும் ஆயில் ஊற்றி இடைவெளியை 100 ஆக்கினால், 220 என்பது 100 ஆகிறது. அழுத்தம் 2.2 மடங்கு. ஆனால் ஓட்டத்தின் பாதியில் பார்த்தால் 1.33க்கும் 1.38க்கும்தான் வித்தியாசம். அதாவது காற்றிடைவெளியைக் குறைத்தால் மேல் பாதி ஓட்டம் அப்படியே மென்மையாக இருக்கும், அடிப்பகுதி மட்டும் இறுகும். வெறும் ஆயிலை வைத்து இவ்வளவு நுட்பமாகச் சரிசெய்ய முடிகிறது. 5 மில்லிமீட்டராக மாற்றுங்கள், கையேடு சொல்லும் எல்லையைத் தாண்ட வேண்டாம். மிதமிஞ்சி நிரப்பினால் காற்று சுவராகிவிடும், ஆயில் சீல் பிதுங்கும்.

வேலையின் வரிசையும் சொல்லிவிடுகிறேன். பைக்கை ஃபிரேமிலோ ஸ்டியரிங் தண்டிலோ தாங்கும் ஸ்டாண்டில் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடியைத் தாங்கும் ஸ்டாண்ட் இதற்கு உதவாது. மேல் கிளாம்ப் போல்ட்டை முதலில் தளர்த்தி, கீழ் கிளாம்ப் பிடித்திருக்கும்போதே ஃபோர்க் மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். கழற்றிய பிறகு அதைத் திருகுவது பெரும்பாடு. கடைசிப் புரிகளில் மூடிமேல் கையை அழுத்தி வையுங்கள், முகத்தை நேரே காட்டாதீர்கள், ஸ்பிரிங் தள்ளும். புது ஆயில் சீல் போடும்போது குழாயின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டி, ஆயில் தடவி நழுவவிடுங்கள். இல்லாவிட்டால் சீலின் உதடு கிழியும். அடி போல்ட்டின் செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். ஆயில் ஊற்றியதும் ராடை மேலும் கீழும் இழுத்து, இடையில் வெற்றிடம் தட்டாமல் ஒரே சீரான எதிர்ப்பு வரும்வரை காற்றை வெளியேற்றுங்கள். பத்து நிமிடம் விட்டு, பிறகு மட்டம் அளங்கள். ஸ்பிரிங் போடும் முன் ஃபோர்க்குகளைப் பைக்கில் மாட்டி, முழுக்க அமுக்கிப் பாருங்கள். டயரோ மட்கார்டோ ரேடியேட்டரில் இடிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். குழாயில் எவ்வளவு மிச்சம் இருக்கும்போது ஃபோர்க் அடியில் முட்டுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பு டிராக்கில் தேவைப்படும். குழாயில் ஒரு ஜிப் டை கட்டி, சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு நாலைந்து சுற்று ஓட்டிவாருங்கள். அது நின்ற இடம்தான் ஃபோர்க் போன எல்லை. முட்டும் இடத்துக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் முன்னால் நின்றால் சரி.

டேம்பிங்கைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளான கிளிக்கர்களைத் தொடும் முன் டயர் காற்றழுத்தத்தைப் பாருங்கள், டிராக்கிலிருந்து பிட்டுக்குள் வந்த உடனே, சூட்டோடு. பிறகு கிளிக்கரை வலப்பக்கம் மென்மையாக முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பலமாக முறுக்கினால் உள்ளே இருக்கும் ஊசிமுனை கெடும். சில ஃபோர்க்குகளில் ஒரு காலில் கம்ப்ரெஷன், மறு காலில் ரீபவுண்ட். ஓலின்ஸ் நிறுவனத்தின் நிக்ஸ் 30 கார்ட்ரிட்ஜ் அப்படிப்பட்டது. அங்கே இரண்டு பக்கத்துக்கும் கிளிக் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ரீபவுண்டை முதலில் பிடியுங்கள். பிரேக்கை விட்டதும் முன்பக்கம் துள்ளி எழுந்து, பைக் வளைவின் வெளிப்பக்கமாக அகன்று போனால் ரீபவுண்ட் குறைவு. அடுத்தடுத்த மேடுகளில் முன்பக்கம் எழ நேரமில்லாமல் கீழேயே தங்கி, போகப்போக மரக்கட்டையாகிவிட்டால் ரீபவுண்ட் அதிகம். இந்த இரண்டாவதைப் பலர் கம்ப்ரெஷன் அதிகம் என்று நினைத்து அங்கே திறக்கிறார்கள், பைக் இன்னும் கீழே போகிறது. ஜிப் டையைப் பார்த்தால் தெரிந்துவிடும்: கரடுமுரடாக இருக்கிறது, ஆனால் ஓட்டம் பாதிதான் பயன்பட்டிருக்கிறது என்றால் கம்ப்ரெஷன், கரடுமுரடாக இருக்கிறது, ஓட்டமும் தீர்ந்திருக்கிறது என்றால் ரீபவுண்டையோ ஸ்பிரிங்கையோ பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், இரண்டு கிளிக், உடனே நோட்டில் எழுத்து. கிளிக்கர் கடைசி எல்லைக்குப் போய்விட்டால் வேலை ஃபோர்க்குக்குள் இருக்கிறது, வெளியே இல்லை.

திரும்ப மறுக்கும் பைக்குக்கு ஃபோர்க் குழாய்களைக் கிளாம்புக்கு மேலே 2 அல்லது 3 மில்லிமீட்டர் உயர்த்தலாம். முன்பக்கம் தாழும், திரும்புவது இலகுவாகும், அதிகமானால் நேர்ப்பாதையில் ஹேண்டில் உதறும். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதை ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

டிராக்கில் ஓடும் ஃபோர்க்குக்கு ஒவ்வொரு சீசனிலும் ஆயில் மாற்ற வேண்டும். வடித்த ஆயில் சாம்பல் நிறத்தில் மினுங்கினால் உள்ளே அலுமினியம் தேய்கிறது. புஷ்களைக் கழற்றிப் பாருங்கள். டெஃப்லான் பூச்சு போய்ச் செம்புநிறம் தெரிந்தால் அந்த புஷ்ஷை மறுபடி மாட்டாதீர்கள். வணக்கம்.