அரிவாள்மனை ராத்திரியில் கூப்பிடாது

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, பெரியோரே, வணக்கம். ‘சமூக வலைத்தளங்கள் மனத்துக்கு ஆறுதலா, அலைக்கழிப்பா?’ அலைக்கழிப்பே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நிறையக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். “அரிவாள்மனையில் விரல் வெட்டிக்கொண்டால் அரிவாள்மனையையா திட்டுவீர்கள்?” என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை.

சகோதரி, சமையல் முடிந்து அரிவாள்மனையைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் காலைவரை அங்கேயே கிடக்கும். நடுராத்திரியில் ‘டிங்’ என்று கூப்பிடாது. “எதிர்வீட்டு அக்கா வெண்டைக்காய் நறுக்கியிருக்கிற அழகைப் பார், உன்னுடையதும் இருக்கிறதே” என்று சொல்லாது. எந்தக் காயைக் கையில் எடுத்து எத்தனை விநாடி பார்த்தீர்கள் என்று கணக்கு வைக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, கூடையில் காய் தீர்ந்தால் அதற்கு வேலை தீர்ந்தது. இங்கே காய் தீரவே தீராது! விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அந்தப் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்திப் பேசினார். எந்தக் கொல்லராவது அரிவாள்மனை செய்ததற்கு வருந்தியிருக்கிறாரா, சகோதரி?

2021-இல் பேஸ்புக்கின் உள் ஆய்வுத் தாள்கள் வெளியே வந்தன. தங்கள் உடம்பை நினைத்து மனம் வாடும்போது, இன்ஸ்டாகிராம் அந்த வாட்டத்தைக் கூட்டியதாக 32 சதவீதப் பதின்வயதுப் பெண்கள் சொன்னார்கள் என்று அதில் இருந்தது.

சரி, புள்ளிவிவரம் போதும். என் வீட்டுக்கு வருகிறேன்.

அக்கா மகளுக்கு 14 வயது. போன தை மாதம் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம். என் அம்மா தன் கல்யாணப் பட்டை வெட்டி அவளுக்குப் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்தார்கள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. தாய்மாமன் நான்தான் வாசல் கோலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவள் போனிலேயே படம் எடுத்தேன். மகாலட்சுமி மாதிரி இருந்தாள். அதை வலையில் போட்டாள். டிபன் பந்தியில் 6 லைக். மதியச் சாப்பாட்டில் 9. பாயசம் ஊற்றினார்கள், பிள்ளை இலையைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள். “மாமா, இங்க நெட் வரலையா?” என்றாள். நெட் நன்றாகத்தான் வந்தது. என் போனை வாங்கி ஒரு லைக், அவள் அம்மா போனை வாங்கி ஒரு லைக். 11. அன்றைக்கே வகுப்புத் தோழி போட்ட படத்துக்கு 240!

பந்தியில் 200 பேர் “யாரு வீட்டுப் பிள்ளை இது?” என்று கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார்கள், நடுவர் அவர்களே. அது எதுவும் அவள் கணக்கில் ஏறவில்லை. சாயங்காலம் பாவாடையைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

“அந்தப் போட்டோவக் காட்டு தாயி, இன்னொரு தடவ பாத்துக்கறேன்.”

“அழிச்சுட்டேன் அம்மாச்சி. யாருக்கும் பிடிக்கல.”

அம்மா அந்தப் பாவாடையை மடியில் போட்டு மடித்தார்கள். பிரித்து, மறுபடியும் மடித்தார்கள்.

“எனக்குப் பிடிச்சிருந்துச்சே தாயி.”

என் அம்மாவுக்கு எந்த வலைத்தளத்திலும் கணக்கு இல்லை, நடுவர் அவர்களே. வணக்கம்.