உச்சிப்புளிக்கு விமானம் வருமுன் ஒரு பேருந்து

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளி கடற்படைத் தளத்தில் பயணிகள் விமானம் இறங்கும் என்ற பேச்சு நம் பக்கம் அடிக்கடி கிளம்பும். தேர்தல் வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே கிளம்பும். வரட்டும். அதற்கு முன்னால் ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஒரு பேருந்து வரட்டும் என்கிறேன் நான்.

கீழக்கரைக்காரர் ஒருவர் மதுரை போய் விமானம் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். கையில் நைலான் கயிறு கட்டி, மார்க்கரில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி. பஸ் மாட்டுத்தாவணிக்குப் போகும். விமான நிலையம் இருப்பது வேறு திசையில். விரகனூர் ரிங் ரோட்டில் இறங்கி ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டும். இந்தப் பாடுகளுக்குப் பயந்துதான் வாடகைக் கார் பிடிக்கிறோம். கார் என்று ஆனபின் மாமா, மச்சான், பிள்ளைகள் எல்லாரும் ஏறிக்கொள்வார்கள், அது தனிக்கதை.

அமெரிக்காவில் ஆலன்டவுன் என்றொரு ஊர். அங்கிருந்து பிலடெல்பியா விமான நிலையம் ஏறக்குறைய நமக்கும் மதுரைக்கும் உள்ள தூரம்தான். 2022 முதல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்தத் தூரத்துக்குப் பேருந்து விடுகிறது. விமான டிக்கெட்டிலேயே பேருந்தும் சேர்த்தி. இவ்வளவு கிட்டத்துக்கு விமானம் மேலே ஏறுவதற்கே எரிபொருளைக் குடித்துவிடும். பயணிகளுக்கும் பறக்கிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம்தான் அதிகம்.

ஒரே டிக்கெட், அதைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். நமக்கு இது புதிதா என்ன? 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் ஓடியதே! எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட். தனுஷ்கோடி வரை ரயில். அங்கே துறையில் கப்பல் காத்திருக்கும். இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களின் பெயரைக்கூடப் பெரியவர்கள் சொல்வார்கள். தலைமன்னாரில் இறங்கினால் மறுபடி ரயில். நடுவில் கடலே கிடந்தும் டிக்கெட் ஒன்றுதான். 1964 புயல் அதைக் கொண்டுபோயிற்று.

ஒரே டிக்கெட் என்றால், பரமக்குடியில் டயர் வெடித்துப் பேருந்து தாமதமானாலும் அடுத்த விமானத்தில் இடம் தருவது கம்பெனியின் பொறுப்பு. அது இல்லாவிட்டால் சும்மா இன்னொரு பஸ், அவ்வளவுதான்.

கட்டணம், கழிப்பறை, ராத்திரி விமானம் எல்லாம் பேச நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். பெட்டியை ராமநாதபுரத்திலேயே எடைபோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எடை கூடினால் கருவாட்டுப் பொட்டலத்தை அங்கேயே பிரித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். வணக்கம்.