மரக்கானாவில் நாற்காலி இல்லாத இடம்

எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அறிமுகம் செய்யும்போது நான் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னார். பாதி சரி. ரியோ டி ஜெனிரோவில் இருக்கும் மரக்கானா கால்பந்து அரங்கத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் சிமெண்ட், கம்பிக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த அரங்கத்தில் ஆடுகளத்தை ஒட்டி, எல்லா மாடங்களுக்கும் கீழே, நாற்காலியே போடாத ஓர் இடம் இருந்தது. என் கண் அதன் மேல்தான். அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகப் போரால் 1942லும் 1946லும் உலகக் கோப்பை நடக்கவில்லை. ஐரோப்பா இடிந்து கிடந்தது. 1950 கோப்பையை நாங்கள் நடத்துகிறோம் என்று பிரேசில் முன்வந்தது. அப்போது ரியோதான் அந்த நாட்டின் தலைநகரம். உலகத்திலேயே பெரிய அரங்கத்தை அங்கே கட்டிக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஆசை வந்தால் சண்டையும் வரும் அல்லவா? கார்லோஸ் லாசெர்தா என்ற அரசியல்வாதி, கட்டுவதென்றால் ஊருக்கு வெளியே ஜக்கரெபகுவாவில் போய்க் கட்டுங்கள் என்றார். செலவையும் கேள்வி கேட்டார். எதிர்த்து நின்றவர் விளையாட்டுப் பத்திரிகை நடத்திய மாரியோ ஃபில்ஹோ. நகரத்தின் நடுவில், பழைய குதிரைப் பந்தயத் திடலில்தான் கட்ட வேண்டும், சாதாரண மக்கள் வந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று விடாமல் எழுதினார். மாநகர மன்றத்தில் அவர் பக்கம் பேசியவர்களில் ஒருவர் ஆரி பரோசோ. பெரிய இசையமைப்பாளர். வானொலியில் கால்பந்து வர்ணனையும் செய்வார். கோல் விழுந்தால் கத்த மாட்டார், மவுத் ஆர்கனை எடுத்து ஊதுவார். இப்படி ஒரு கவுன்சிலர் நமக்கு வாய்க்கவில்லையே என்று எனக்கு ஒரு குறை உண்டு.

1948 ஆகஸ்ட் 2ல் வேலை தொடங்கியது. 1950 ஜூன் 16ல் திறந்துவிட்டார்கள். திறந்தார்கள் என்றால் முடித்தார்கள் என்று அர்த்தமில்லை. சாரக் கட்டைகள் நிற்க நிற்கத்தான் ஆட்டம் நடந்தது. மிச்ச வேலை 1965 வரை இழுத்தது. பக்கத்தில் மரக்கானா என்று ஒரு சிற்றாறு ஓடுகிறது; கிளி வகைப் பறவை ஒன்றுக்கும் அந்தப் பெயர்தான். பழங்குடி மொழியிலிருந்து வந்த சொல். 1966ல் மாரியோ ஃபில்ஹோ இறந்த பிறகு அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மக்கள் ஆற்றின் பெயரை விடவில்லை.

இடையில் நம்மைப் பற்றி ஒரு செய்தி. அந்த 1950 கோப்பையில் ஆட இந்தியாவுக்கு இடம் கிடைத்திருந்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் பெயரும் போட்டாயிற்று. போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடவில்லை, அதனால்தான் போகவில்லை என்று டீக்கடை வரைக்கும் ஒரு கதை ஓடுகிறது. நம் நாட்டுக் கால்பந்துச் சங்கம் அன்றைக்குச் சொன்ன காரணம் அது இல்லை. பயிற்சிக்கு நேரம் போதவில்லை, அணித் தேர்வில் கருத்து வேறுபாடு என்றார்கள். வெறுங்கால் கதை கேட்க நன்றாக இருக்கிறது, அதனால் அது நின்றுவிட்டது.

சரி, 1950 ஜூலை 16க்கு வருவோம். அந்த ஆண்டு இறுதிப் போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. கடைசி நான்கு அணிகள் ஒன்றோடொன்று ஆடின. கடைசி ஆட்டம் பிரேசிலுக்கும் உருகுவேக்கும். பிரேசில் டிரா செய்தாலே கோப்பை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். எல்லோரையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும் என்கிறார்கள். காலையிலேயே ஒரு பத்திரிகை, இவர்கள்தான் உலகச் சாம்பியன்கள் என்று அணியின் படத்தை அச்சடித்துவிட்டது. ஆட்டத்துக்கு முன் மேயர் ஒலிபெருக்கியில் பேசினார். நான் அரங்கத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டேன், இனி கோப்பை உங்கள் பொறுப்பு என்கிற மாதிரியான பேச்சு.

இடைவேளை முடிந்து இரண்டே நிமிடத்தில் பிரேசிலின் ஃப்ரியாசா கோல் போட்டார். 66வது நிமிடத்தில் உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79வது நிமிடம். வலது ஓரத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா பந்தோடு ஓடி வருகிறார். தன் அணியின் முதல் கோலுக்கும் அவர் இதே வழியில் வந்து நடுவில் இருந்தவருக்குத் தள்ளிவிட்டிருந்தார். கோல்கீப்பர் பர்போசா இந்த முறையும் அப்படித்தான் செய்வார் என்று கணக்குப் போட்டு ஓரடி விலகி நின்றார். கிஜ்ஜியா நேரே கம்பத்துக்கும் கீப்பருக்கும் நடுவில் இருந்த சந்தில் அடித்துவிட்டார். 2-1. இரண்டு லட்சம் பேர் இருக்கும் இடத்தில் சத்தமே இல்லை. மரக்கானாவை வாயடைக்க வைத்தவர்கள் மூன்றே பேர், போப்பாண்டவர், ஃபிராங்க் சினாட்ரா, அப்புறம் நான் என்று கிஜ்ஜியா பிற்காலத்தில் சொல்வார்.

ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமே பிரேசிலை வாழ்த்தப் பேச்சு தயாரித்து வைத்திருந்தார். 1-1 என்று இருந்தபோது மாடத்திலிருந்து இறங்கி உள்வழியாக நடந்தார். வெளியே வந்தால் எல்லாம் முடிந்திருந்தது. மேடை இல்லை, அணிவகுப்பு இல்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் தடுமாறி, உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலாவைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிரேசில் அன்று அணிந்திருந்தது வெள்ளைச் சட்டை. ராசியில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். இன்று நம் ஊர்ப் பையன்கள்கூடப் போட்டுக்கொண்டு திரியும் மஞ்சள் சட்டை, பிறகு ஒரு பத்திரிகைப் போட்டி மூலம் வந்தது. சட்டையை மாற்றலாம். பர்போசா என்ன செய்வார்? பழி முக்கியமாக மூன்று பேர் மேல் விழுந்தது, மூவரும் கறுப்பர்கள். கறுப்பு ஆட்டக்காரர்கள் பிரேசில் கால்பந்தில் எப்படி இடம் பிடித்தார்கள் என்று 1947ல் புத்தகமே எழுதியவர் மாரியோ ஃபில்ஹோ. அவர் போராடிக் கொண்டுவந்த அரங்கத்திலேயே இது நடந்தது. பிரேசிலில் ஒருவனுக்கு அதிகபட்சத் தண்டனை முப்பது ஆண்டுதான், நான் ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று பர்போசா கடைசிக் காலத்தில் சொன்னார். 2000ல் இறந்தார்.

இனி அந்த நாற்காலி இல்லாத இடம். அதன் பெயர் ஜெரால். பொது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகளத்துக்கும் அதற்கும் நடுவே ஓர் அகழி. நிற்கும் தளம் தாழ்வாக இருக்கும், அதனால் ஆட்டக்காரர்களின் கால்கள்தான் தெரியும். எதிர்க் கோல் பக்கம் நடப்பது சுத்தமாகத் தெரியாது. அதனால் ஆளாளுக்குக் காதோரம் டிரான்சிஸ்டர். ஆட்டத்தை ரேடியோ சொல்லிக் கேட்டுக்கொண்டு, ஆட்டம் நடக்கும் இடத்திலேயே நின்றார்கள். மழை பெய்தால் நனைய வேண்டும். மேல் மாடத்திலிருந்து என்னென்னவோ தலையில் வந்து விழும், சபை நாகரிகம் கருதி அதை விட்டுவிடுகிறேன். டிக்கெட் மட்டும் மிகவும் மலிவு. கூலி வேலை செய்கிறவர்கள், பேய் வேஷம், பாதிரியார் வேஷம் போட்டு வருகிறவர்கள், ஆட்டக்காரர்கூட ஓட ஓட அந்த ஓரத்திலேயே இங்கிருந்து அங்கே ஓடுகிறவர்கள். ஜெரால்காரர்களுக்கு ஜெரால்டினோ என்றே செல்லப் பெயர். மேல் மாடத்துக்காரர்களுக்கு ஆர்க்கிபால்டோ.

நான் அந்த இடத்தைப் புனிதமாக்கவில்லை. கால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது ஒரு சுகமா என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 1969ல் பராகுவேக்கு எதிரான ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 1,83,341 பேர். அதே ஆண்டு நவம்பர் 19ல் பெலே தன் ஆயிரமாவது கோலை வாஸ்கோ ட காமா அணிக்கு எதிராகப் பெனால்டியில் அடித்ததும் இங்கேதான். அப்படிப்பட்ட நாட்களில் கையில் சில்லறை மட்டும் வைத்திருந்தவனும் உள்ளே இருந்தான். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

1992 ஜூலை 19ல் ரியோவின் கிளப் அணிகளான ஃபிளமெங்கோவும் பொட்டாஃபோகோவும் மோதிய இறுதி ஆட்டத்தில் மேல் மாடத்துக் கைப்பிடிக் கம்பி பிடுங்கிக்கொண்டது. ஆட்கள் கீழே விழுந்தார்கள், மூன்று பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு கூட்டத்தைக் குறைக்காமல் இருந்திருந்தால் தப்பு. அது வேறு, அதன் பின் நடந்தது வேறு. பெரிய சர்வதேசப் போட்டி என்றால் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்பது விதி. 2005ல் ஜெராலை மூடினார்கள். 2010லிருந்து 2013 வரை, 2014 உலகக் கோப்பைக்காக, வெளித் தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருந்த மாடங்களை இடித்துக் கட்டினார்கள். பழைய கான்கிரீட் கூரை போய், துணி போல இழுத்துக் கட்டிய கூரை வந்தது. செலவு பிரேசில் நாணயத்தில் 100 கோடி ரியாலுக்கு மேல். இருக்கை சுமார் 78,000. சட்டை அதே, உள்ளே ஆள் வேறு.

பக்கத்திலேயே பழைய பழங்குடி அருங்காட்சியகக் கட்டடம் ஒன்று பாழடைந்து கிடந்தது. 2006லிருந்து பழங்குடி மக்கள் சிலர் அதில் குடியிருந்தார்கள். 2013 மார்ச்சில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அரங்கத்துக்கே பழங்குடிப் பெயர், இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த ஜூனில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியாட்டம். உள்ளே பிரேசில் 3-0 என்று ஸ்பெயினை அடித்துக்கொண்டிருக்க, வெளியே போராட்டக்காரர்கள் மேல் கண்ணீர்ப்புகை. மறு ஆண்டு உலகக் கோப்பையில் நடந்ததுதான் வேடிக்கை. அட்டவணைப்படி இறுதிப் போட்டிக்கு வந்தால்தான் பிரேசில் மரக்கானாவில் ஆட முடியும். பெலோ ஹொரிசொண்டேயில் ஜெர்மனியிடம் 7-1 என்று வாங்கினார்கள். ஆக, அவ்வளவு செலவழித்துக் கட்டிய அரங்கத்தில் அந்தக் கோப்பையில் சொந்த நாட்டு அணி ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் ஆடின, ஜெர்மனியின் மரியோ கோட்ஸே கோல் போட்டார்.

2016 ஒலிம்பிக் முடிந்ததும் யார் பராமரிப்பது என்று இழுபறி. 2017 தொடக்கத்தில் மின் கட்டணம் கட்டவில்லை என்று கரண்ட்டை வெட்டினார்கள், புல் காய்ந்து கிடந்தது, இருக்கைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இப்போது ஃபிளமெங்கோவும் ஃப்ளுமினென்சேவும் சேர்ந்து நடத்துகின்றன, நிலைமை தேவலை.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒரு நிமிடம். 2027ல் பெண்கள் உலகக் கோப்பை பிரேசிலில் நடக்கிறது. ரியோவும் அதில் ஒரு நகரம். யார் ஜெயிப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். மரக்கானாவில் மிக மலிவான டிக்கெட் என்ன விலை, அந்தக் காசு அங்கே ஒரு கூலிக்காரருக்கு எத்தனை நாள் சம்பளம் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.